முஸ்லிம் நலச் சங்கத்தின் தலைமையைப் பெண் ஏற்பது குறித்து

கேள்வி: கோலாலம்பூர், செந்தூலிலிருந்து ஒரு வாசகி
2025 ஜனவரி 9

எங்கள் வட்டாரத்துத் தமிழ் முஸ்லிம் நலச் சங்கத்தில் பல ஆண்டுகளாக மகளிர் பிரிவைக் கவனித்து வருகிறேன். இப்போதைய தலைவர் உடல்நலக் குறைவால் விலகுகிறார். வரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் என் பெயரை முன்மொழியப் போவதாகச் செயற்குழுவில் சிலர் சொல்கிறார்கள். மார்க்கத்தில் இதற்கு இடமில்லை என்கிறார் என் மாமனார். இடமிருந்தாலும் பெண் தலைவராக இருக்கும் சங்கத்துக்குக் கொடையாளர்கள் பணம் தரமாட்டார்கள் என்கிறார்கள் அவருடைய நண்பர்கள். ஏற்கலாமா, கூடாதா?

ஜனவரி 10

மார்க்கம் பற்றிய பகுதிக்குச் சுருக்கமாகவே பதில் சொல்கிறேன். இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் தம்க் என்னும் தம் நிலத்தை வக்ஃபாக, அதாவது மார்க்க அறக்கொடையாக, எழுதிவைத்தபோது, அதன் நிர்வாகத்தைத் தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம், அவர் உயிரோடிருக்கும் காலம் வரைக்கும் என்று, ஒப்படைத்தார். அந்த ஆவணத்தின் வாசகம் அபூதாவூதின் நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. அப்துல்லாஹ் இப்னு உமரைப் போன்ற அறிவிற்சிறந்த மகன் இருக்கும்போதே மகளின் பெயரை எழுதினார் என்பதை உங்கள் மாமனாரிடம் மரியாதையாகச் சொல்லிப் பாருங்கள்.

என்னைக் கேட்டால், உங்களுக்கு வரப்போகும் சங்கடம் அங்கே இல்லை. பினாங்கு ஜார்ஜ் டவுனில், கைம்பெண்களுக்கு மாத உதவியும், பிள்ளைகளுக்குப் பள்ளிச் செலவும், வசதியற்ற குடும்பங்களுக்கு மய்யித்தை (இறந்தவர் உடலை) அடக்கம் செய்யும் செலவும் கொடுத்துவரும் ஒரு பழைய சங்கத்துக்குச் சில ஆண்டுகளாகத் தலைவராக இருக்கிறேன். அதற்கு முன் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இரண்டு இடங்களிலும் இருந்து பார்த்ததில் எனக்குத் தெரிந்தது இதுதான்: பதவியைக் கொடுக்க எவரும் பெரிதாகத் தயங்குவதில்லை, காசோலையில் கையெழுத்திடும் உரிமையைக் கொடுக்கத்தான் மனம் வருவதில்லை.

ஆகவே ஒப்புக்கொள்ளும் முன் சங்கத்தின் சட்டவிதியைக் கேட்டு வாங்கி முழுவதும் படியுங்கள். வங்கியில் யார் யாருடைய கையொப்பம் பதிவாகியிருக்கிறது என்பதை எழுத்தில் கேளுங்கள். கடந்த பொதுக்கூட்டத்தின் குறிப்பையும் தணிக்கை செய்யப்பட்ட கணக்கையும் வாங்குங்கள். இவற்றைக் கேட்டவுடன் எவருடைய முகம் மாறுகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு ஏற்பதா வேண்டாமா என்று பேசலாம்.

ஜனவரி 10, இரவு

ஹஃப்ஸா நாயகி நபிகளாரின் துணைவியார், அவரோடு இன்றைய பெண்களை ஒப்பிடலாமா என்று ஒரு சகோதரர் கேட்டிருக்கிறார். அதே ஆவணத்தில், அவருக்குப் பிறகு குடும்பத்தில் விவேகமுள்ளவர் பொறுப்பேற்க வேண்டும் என்றும் இருக்கிறது. தகுதியாகச் சொல்லப்பட்டது விவேகம். தவிர, இன்றைய ஆண் தலைவர்களை உமர் (ரலி) அவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகா நாம் தேர்ந்தெடுக்கிறோம்?

ஜனவரி 14

எதிர்பார்த்தபடியே, "தங்கள் காரியத்தைப் பெண்ணிடம் ஒப்படைத்த சமுதாயம் வெற்றி பெறாது" என்ற, புகாரியின் தொகுப்பில் உள்ள ஹதீஸை (நபிமொழியை) மூன்று பேர் தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள். அபூபக்ரா (ரலி) அறிவிக்கும் அந்தச் சொல், பாரசீகர்கள் தங்கள் மன்னர் கிஸ்ராவின் மகளை அரியணையில் அமர்த்திய செய்தி வந்தபோது சொல்லப்பட்டது. ஆட்சித் தலைமையைப் பற்றியது என்று அறிஞர்கள் பலர் அதை விளக்கியிருக்கிறார்கள். ஐம்பது குடும்பங்களுக்கு அரிசி கொடுக்கும் சங்கத்தின் தலைவர் நாற்காலியைக் கிஸ்ராவின் அரியணையாக நினைப்பவர்கள் சில சங்கங்களில் இருக்கத்தான் செய்கிறார்கள். அது ஹதீஸின் குற்றமன்று.

பொருள் சார்ந்த வழக்குகளில் பெண் நீதிபதியாகத் தீர்ப்பளிக்கலாம் என்பது இமாம் அபூஹனீஃபாவின் கருத்து. இந்த நாட்டில் 2010-ஆம் ஆண்டிலேயே ஷரீஆ நீதிமன்றத்துக்குப் பெண் நீதிபதிகள் நியமிக்கப்பட்டார்கள். மணவிலக்கு வழக்கையும் ஜீவனாம்ச வழக்கையும் ஒரு பெண் விசாரிக்கலாம், ஆனால் அந்த வழக்கில் தோற்று வீடு திரும்பும் பெண்ணுக்கு மாதம் இருநூறு வெள்ளி (ரிங்கிட்) கொடுக்கலாமா என்று முடிவு செய்ய ஆண்தான் வேண்டும் என்றால், அந்த வாதம் எந்த மத்ஹபின்படி (மார்க்கச் சட்டப் பிரிவின்படி) நிற்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

இதோடு ஃபத்வா பகுதியை என் பங்குக்கு முடித்துக்கொள்கிறேன். மேலும் வேண்டுவோர் தத்தம் ஊர் ஆலிம்சாவைக் கேட்டுக்கொள்ளலாம்.

ஜனவரி 19

செந்தூல் சகோதரி இன்னும் சட்டவிதிக்காகக் காத்திருக்கிறாராம். அதற்குள், கையொப்பத்தைப் பற்றி நான் சொன்னதை விரித்து எழுதச் சொல்லிக் கேட்டவர்களுக்காக இது.

நான் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரத்திலேயே என் பெயரோடு கடிதத்தாள் அச்சாகி வந்துவிட்டது. பெயர்ப்பலகை மாறியது, நோன்புக் கஞ்சிக்கான அழைப்பிதழில் என் பெயர் முதலில் வந்தது. வங்கியில் மட்டும் பழைய தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூவரில் எவரேனும் இருவர் கையெழுத்திட்டால் போதும் என்ற ஏற்பாடு அப்படியே இருந்தது. "உங்களுக்கு எதற்கு ராத்தா இந்த அலைச்சல், கையெழுத்துக்காக நேரங்கெட்ட நேரத்தில் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவதா" என்று பொருளாளர் நானா (அக்காவை ராத்தா என்றும் அண்ணனை நானா என்றும் அழைப்போம்) உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். அந்த அக்கறையின் விளைவு என்னவென்றால், நான் ஒப்புதல் அளித்த உதவிகள் காசோலை எழுதப்படாமல் காத்திருந்தன. நான் கேள்விப்படாத உதவிகள் வழங்கப்பட்டுவிட்டன. களவு எதுவும் நடக்கவில்லை. பெற்றவர்களும் தேவையுள்ளவர்களே. ஆனால் யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு என்பதைத் தலைவர் தீர்மானிக்கவில்லை. பேனா எவரிடம் இருந்ததோ அவர் தீர்மானித்தார்.

கையொப்ப உரிமையை மாற்றுவதற்கு வங்கி கேட்பது அதிகமில்லை. தேர்தல் நடந்த கூட்டக் குறிப்பின் சான்றளிக்கப்பட்ட நகல், கையொப்பதாரர்களை மாற்றும் தீர்மானம், புதியவர்களின் அடையாள அட்டை, மாதிரிக் கையொப்பம், அவ்வளவுதான். வங்கி முகப்பில் உட்கார்ந்து இந்தப் படிவங்களை வருடக்கணக்காக வாங்கியவள் நான். வேலை எளிது என்பதால்தான் அது ஏன் நடக்கவில்லை என்பது எனக்கு உடனே புரிந்தது.

நான் சண்டை போடவில்லை. ஒவ்வொரு செயற்குழுக் கூட்டத்திலும் நிகழ்ச்சி நிரலின் முதல் பொருளாக வங்கிக் கையொப்ப மாற்றத்தை எழுதினேன். அவர்கள் ஒத்திவைக்கச் சொன்னார்கள். "ஒத்திவைக்கப்பட்டது" என்று குறிப்பில் பதிந்தேன், யார் கேட்டுக்கொண்டதால் என்பதையும் சேர்த்து. அடுத்த கூட்டத்திலும் அப்படியே. ஆண்டு முடிவில் கணக்காய்வாளர் அந்தக் குறிப்புகளைப் புரட்டிவிட்டு, தலைவருக்குக் கையொப்ப உரிமை இல்லாத காரணம் என்ன என்று எழுத்தில் கேட்டார். பொருளாளர் நானாவே என்னை வங்கிக்கு அழைத்துப் போனார். இன்றுவரை நாங்கள் நல்ல முறையில்தான் இருக்கிறோம். ஈத் அன்று அவர் வீட்டுப் பிரியாணி எனக்கு முதல் சட்டியிலிருந்து வருகிறது.

இன்னொன்று. எங்கள் செயற்குழு அலுவலகத்தில் கூடும். முடிவு முந்தின இரவே, இஷா என்னும் இரவுத் தொழுகைக்குப் பிறகு, சூலியா தெருவில் ஓர் உணவகத்து மேசையில் எடுக்கப்பட்டிருக்கும். நானும் போய் அந்த மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று என் மகள் சொல்கிறாள். நான் போகவில்லை. கூச்சம் ஒரு காரணம், அதைவிட, நான் போனால் மேசை வேறு கடைக்கு மாறும், அவ்வளவுதான். அதற்குப் பதிலாக, ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட எந்தச் செலவும் மூன்று நாள் முன்னதாக வாட்ஸ்அப் குழுவில் எழுத்தில் வராவிட்டால் கூட்டத்தில் எடுத்துக்கொள்ளப்படாது என்ற விதியை நிறைவேற்றினோம். தேநீரை நிறுத்த முடியாது. தேநீரோடு முடிந்துபோகும் வழக்கத்தை நிறுத்தலாம்.

ஜனவரி 20

நேற்றைய குறிப்பைப் படித்த எங்கள் செயற்குழு உறுப்பினர் ஒருவர், உணவகம் நடத்துபவர், புதிய விதியால் தம் கடையில் இரவு வியாபாரம் குறைந்துவிட்டது என்பதையும் எழுதும்படி கேட்டுக்கொண்டார். எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 3

சகோதரிக்குச் சட்டவிதி கிடைத்துவிட்டது. தலைவர் ஆணாக இருக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லையாம். ஆனால் பதவிக்குப் போட்டியிடுபவர் ஆயுள் உறுப்பினராக இருக்க வேண்டும். அவரோ இத்தனை ஆண்டுகளாகக் கணவரின் உறுப்பினர் அட்டையில் "குடும்பத்தினர்" என்ற வரியில் இருந்திருக்கிறார். மகளிர் பிரிவை நடத்தியிருக்கிறார், நிதி திரட்டியிருக்கிறார், வாக்குரிமை மட்டும் அவருக்கு இல்லை.

இதைப் படித்தவுடன் நம்மில் பலர் நம் அட்டைகளை எடுத்துப் பார்த்திருப்போம் என்று நினைக்கிறேன். யாரும் திட்டமிட்டுப் பெண்களை விலக்கவில்லை. சந்தாவைக் குடும்பத்துக்கு ஒன்றாக வாங்குவது கணக்கெழுத எளிதாக இருந்திருக்கிறது, வாக்கும் குடும்பத்துக்கு ஒன்றாகப் போய்விட்டது.

உங்கள் பெயரில் தனியாக ஆயுள் சந்தாவைக் கட்டி ரசீது வாங்குங்கள். பொதுக்கூட்டத்துக்கு எத்தனை நாள் முன் உறுப்பினராகியிருக்க வேண்டும் என்று சட்டவிதியில் இருக்கிறதா என்று பாருங்கள். மகளிர் பிரிவில் உங்களோடு உழைப்பவர்களிடமும் இதைச் சொல்லுங்கள். குடும்ப உறுப்பினர் முறையையே மாற்ற வேண்டும் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். மாற்றலாம், ஆனால் 1966-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின்படி சட்டவிதித் திருத்தம் சங்கப் பதிவதிகாரி ஒப்புதல் அளித்த பிறகே செல்லுபடியாகும். இந்தத் தேர்தலுக்குள் அது வந்து சேரும் என்று நம்பி இருக்க வேண்டாம். இருக்கும் விதியின்படி நுழைந்து, உள்ளே போன பிறகு விதியைத் திருத்துங்கள்.

பிப்ரவரி 16

"பெண் தலைவராக இருந்து அப்படி என்ன மாறிவிட்டது" என்று ஈப்போவிலிருந்து ஒரு சகோதரர் கேட்டிருக்கிறார். நேர்மையான கேள்வி.

கணவன் இறந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருக்கிறாள், அதாவது வீட்டோடு துக்கம் காக்கிறாள். பணம் பற்றிய முக்கியமான தாள்கள் எல்லாம் அந்தக் காலத்தில்தான் கைமாறுகின்றன. முன்பெல்லாம் எங்கள் சங்கத்திலிருந்து இரண்டு பெரியவர்கள் போவார்கள். வாசலில் அல்லது முன்னறையில் இறந்தவரின் தம்பியிடமோ மைத்துனரிடமோ ஆறுதல் சொல்லி, உறையைக் கொடுத்து, ஃபாத்திஹா ஓதித் திரும்புவார்கள். உள்ளே இருப்பவளிடம் எவரும் எதையும் கேட்டதில்லை. கேட்பது முறையும் இல்லை. நான் போகும்போது நேரே அடுக்களைக்குப் போய் உட்காருகிறேன். அங்கே உட்கார்ந்து அரைமணி நேரம் வேறு எதையாவது பேசிக்கொண்டிருந்தால்தான் வாடகை எத்தனை மாதம் நிற்கிறது என்பது வெளியே வருகிறது.

ஒரு வீட்டில், அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன், இறந்தவர் ஊழியர் சேமநிதியில் தம் அண்ணனை நியமனதாரராக எழுதியிருந்தார். அண்ணன் அந்தப் பணம் தமக்கே உரியது என்று நினைத்திருந்தார். மனைவியும் அப்படியே நினைத்து வாய் திறக்காமல் இருந்தாள். இருவரும் கெட்டவர்கள் இல்லை. முஸ்லிம் உறுப்பினரைப் பொறுத்தவரை நியமனதாரர் பணத்தைப் பெற்று வாரிசுகளுக்கு ஃபராயிள் என்னும் இஸ்லாமிய வாரிசுப் பங்கு முறைப்படி பங்கிட்டுக் கொடுக்க வேண்டிய நிர்வாகிதான் என்பதும், பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு உண்டு என்பதும், பிள்ளைகளின் பங்கு தனியாக இருக்கிறது என்பதும் இருவருக்கும் தெரியாது. அண்ணனிடம் எங்கள் இமாம் பேசினார், அவர் உடனே ஒப்புக்கொண்டார். அதே பெண்ணுக்கு சொக்சோ என்னும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின், இறந்தவரின் குடும்பத்துக்கான பிழைத்தோர் ஓய்வூதியம் இருக்கிறது என்பதையும் நாங்கள்தான் சொன்னோம். அதில் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கு, இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. எங்கள் சங்கம் ஆண்டு முழுவதும் கொடுத்திருக்கக்கூடிய உதவியைவிட அவளுக்கு உரிமையாக வரவேண்டிய பணம் பல மடங்கு அதிகம். அதற்குப் பிறகு எங்கள் உதவி விண்ணப்பத்தின் முதல் பக்கத்தையே மாற்றினோம். "உங்களுக்கு எவ்வளவு வேண்டும்" என்பதற்கு முன், இறந்தவர் எங்கே வேலை பார்த்தார், சேமநிதி, சொக்சோ, காப்புறுதி, கடன், மஹர் (கணவன் மனைவிக்குக் கொடுக்க வேண்டிய மணக்கொடை) பாக்கி உண்டா என்ற கேள்விகள் வருகின்றன. மஹர் பாக்கி என்பதைப் பார்த்துச் சில பெரியவர்கள் சிரித்தார்கள். அது கடன், பங்கு பிரிக்கும் முன் தீர்க்கப்பட வேண்டியது என்று இமாம் சொன்ன பிறகு சிரிக்கவில்லை.

பிப்ரவரி 18

முந்தாநாள் எழுதியதை மீண்டும் படித்தபோது ஒரு தயக்கம் வந்தது. "பெண் என்பதால் அடுக்களைக்குள் போக முடிகிறது" என்ற காரணத்தைச் சொல்லி ஒரு பெண்ணைத் தலைவராக்கினால், அதே காரணத்தைச் சொல்லி அவரை மீண்டும் மகளிர் பிரிவுக்கே அனுப்பிவிடலாம். வீட்டுக்குள் போய் விசாரிக்க ஒரு நல்ல தொண்டர் போதும், தலைவர் வேண்டியதில்லை. நான் தலைவராக இருந்ததால் மாறியது விண்ணப்பப் படிவம். அடுக்களையில் கேட்டது விதியாக மாறிச் செயற்குழுவில் நிறைவேறியது. நான் வெறும் தொண்டராக இருந்திருந்தால் அது ஒரு உருக்கமான கதையாகச் சொல்லப்பட்டு, ஒரு உறையோடு முடிந்திருக்கும்.

சிலர் ஜெமிலா மஹ்மூதை உதாரணம் காட்டியிருந்தீர்கள். 1999-இல் அவர் தொடங்கிய மெர்சி மலேசியா போர்க்களங்களிலும் பேரிடர் நிலங்களிலும் மருத்துவம் செய்யும் அமைப்பு. அவரை எவரும் மகளிர் பிரிவில் வைத்துப் பார்க்கவில்லை. ஆனால் அவர் தாமே தொடங்கிய அமைப்பு அது. நம் சகோதரிக்குக் கிடைக்கப்போவது மற்றவர்கள் தொடங்கி, மற்றவர்களின் வழக்கங்களோடு ஓடிக்கொண்டிருக்கும் ஒன்று. முதல் வகைக்கு துணிவு அதிகம் வேண்டும், இரண்டாவதற்குப் பொறுமை. எனக்கு முதலாவதில் அனுபவம் இல்லை.

மார்ச் 6

நோன்பு தொடங்கிவிட்டதால் பணத்தைப் பற்றிய கேள்விகள் குவிகின்றன.

பெண் தலைவரானால் கொடை நின்றுவிடும் என்ற அச்சத்துக்கு, எங்கள் அனுபவத்தில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். ஒரு பெரிய கொடையாளர் நிறுத்திக்கொண்டார். மற்றவர்கள் தொடர்ந்தார்கள், ஆனால் ரசீது கேட்கத் தொடங்கினார்கள். முன்பு கேட்டதில்லை. நம்பிக்கைக் குறைவு என்று முதலில் மனம் நொந்தேன். பிறகு யோசித்தபோது, கேட்பது அவர்கள் உரிமை, பழைய தலைவரிடம் கேட்காமல் விட்டதுதான் பிழை என்று தோன்றியது. 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்கீழ் அங்கீகாரம் பெற்ற சங்கத்துக்குக் கொடுக்கும் பணத்தை, மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை கொடையாளர் வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். அந்த அங்கீகாரத்தைப் பெற்ற பிறகு, ரசீது கேட்பவர்கள் எங்களுக்குப் பிடித்தவர்களாகிவிட்டார்கள்.

ஜகாத் என்னும் கடமையான தர்மத்தைச் சங்கம் வாங்கலாமா என்று கேட்டவருக்கு: கூடாது. ஜகாத் வசூலிக்கும் அதிகாரம் அந்தந்த மாநில இஸ்லாமிய சமய மன்றத்துடையது. அதன் நியமனம் இல்லாமல் ஒரு சங்கம் ஜகாத் என்று சொல்லிப் பணம் வாங்கினால் குற்றம். நாம் வாங்குவது சதக்கா, விரும்பிக் கொடுக்கும் தர்மம். கொடுப்பவர் "இது என் ஜகாத்" என்று சொன்னால், மன்றத்துக்குச் செலுத்தும் வழியைக் காட்டி, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். ஜகாத் செலுத்திய தனிநபருக்கு அந்தத் தொகை வரியிலிருந்தே கழிகிறது, எனவே அவருக்கும் அதுவே ஆதாயம். கடைகளில் உண்டியல் வைப்பது, வீடுவீடாகப் போவது ஆகியவற்றுக்கும் 1947-ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது, உரிமம் வாங்க வேண்டும். பெண் தலைவராக இருக்கும் சங்கத்தில் இத்தகைய சிறு குறைகளைத்தான் முதலில் தேடுவார்கள். அது அநியாயம் என்று புலம்பலாம். உரிமத்தை வாங்கிவிட்டும் புலம்பலாம்.

மார்ச் 15

"பெண்கள் இயல்பிலேயே நேர்மையானவர்கள், பணப்பொறுப்பை அவர்களிடம் கொடுத்தால் சங்கங்கள் சீராகிவிடும்" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். ஆதரவாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனாலும் இந்தப் புகழ்ச்சி எனக்கு வேண்டாம்.

எங்கள் ஊர் வரலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801-இல் எழுந்தபோது கிழக்கிந்தியக் கம்பெனி நிலம் கொடுத்தது. அந்த வக்ஃபு நிலம் பின்னாளில் நகரின் நடுவில் பெருமதிப்புள்ள சொத்தாயிற்று. அறங்காவலர்களின் கணக்கு வழக்கில் குளறுபடி மிகுந்தது என்ற புகார்கள் வளர்ந்து, பினாங்கை அப்போது ஆண்ட பிரிட்டிஷ் நீரிணைக் குடியேற்றங்களின் அரசு 1905-இல் முகமதிய, இந்து அறக்கொடைச் சட்டத்தை இயற்றி, அத்தகைய அறக்கொடைச் சொத்துகளை ஒரு வாரியத்தின் கையில் கொடுத்தது. சமூகத்தின் சொத்தைச் சமூகமே பார்த்துக்கொள்ள முடியாமல் போனது. அந்த அறங்காவலர்கள் எல்லாரும் ஆண்கள்தாம், ஆனால் சொத்து சிக்கலானதற்கு அவர்கள் ஆண்களாக இருந்தது காரணமன்று. அவர்களிடம் ஒவ்வோர் ஆண்டும் உட்கார்ந்து கணக்குக் கேட்பவர் இல்லாததே காரணம். கேட்கப்படாத இடத்தில் என்னை வைத்தாலும் நாளடைவில் அதுவே நடக்கும்.

பெண் தலைவரிடம் கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவு என்று எங்கள் பொதுக்கூட்டத்தில் ஒரு பெரியவர் ஒருமுறை எழுந்து மற்றவர்களை அடக்கினார். நான் அவரை உட்காரச் சொல்லி, கேட்டவரை மீண்டும் கேட்கச் சொன்னேன். அந்தப் பெரியவர் கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை.

மார்ச் 16

நான் கடுமையாக எழுதிவிட்டதாகத் தம்பி வருந்தியிருக்கிறார். வருந்த வேண்டாம். ரசீதுப் புத்தகங்களைக் கணினியில் ஏற்ற ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன். பினாங்குப் பக்கம் இருந்தால் வாருங்கள்.

ஏப்ரல் 8

ஈத் முடிந்து சற்று ஓய்வு. வீட்டைப் பற்றிக் கேட்டவர்கள் பலர். இதுவரை பதில் சொல்லாமல் இருந்தேன்.

சங்கத் தலைவரின் தொலைபேசி அதிகம் ஒலிப்பது இரவில். மய்யித்து மருத்துவமனையில் இருக்கும், வெளிமாநிலத்துப் பிள்ளை, கையில் பணமில்லை, குளிப்பாட்டவும் கபன் துணி சுற்றவும் ஆள் வேண்டும், வண்டி வேண்டும். பெண் மய்யித்தைக் குளிப்பாட்டப் பெண்கள் எங்களிடம் எப்போதும் உண்டு. அது பழைய ஏற்பாடு, எனக்கு முன்னிருந்தே நடப்பது. ஆண் மய்யித்து என்றால் செயலாளர் போகிறார். "தலைவரால் நேரில் வர முடியவில்லை பாருங்கள்" என்று சிலர் சொன்னார்கள். என் கணவர் நள்ளிரவில் வண்டியோட்டிக்கொண்டு என்னை அழைத்துப்போக முன்வந்தார். சில முறை போனோம். அங்கே நான் நின்றதால் எந்த வேலையும் விரைவாக நடக்கவில்லை. இப்போது போவதில்லை. வீட்டிலிருந்தபடி வண்டிக்கும் குழிக்கும் பணம் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கிறேன். மருத்துவமனை வாசலில் நிற்பதே தலைமை என்று நினைப்பவர்களுக்கு இது போதாமல் இருக்கலாம்.

சகோதரி தம் மாமனாரின் மனத்தாங்கலைப் பற்றித் தனியாகவும் எழுதியிருந்தார். அதை இங்கே எழுதப்போவதில்லை. ஒன்று மட்டும்: கணவரின் சம்மதத்தைச் செயற்குழு அவரிடம் நேரே கேட்க அனுமதிக்காதீர்கள். வீட்டில் நீங்கள் கலந்து பேசுவது வேறு. சங்கம் உங்கள் தலைக்கு மேல் அவரிடம் பேசத் தொடங்கினால், பிறகு ஒவ்வொரு முடிவுக்கும் அவரைத்தான் அழைப்பார்கள். எங்கள் செயலாளர் தொடக்கத்தில் என் கணவருக்கே அழைத்துக் கொண்டிருந்தார். அவர் ஒவ்வொரு முறையும் "தலைவரிடம் கொடுக்கிறேன்" என்று சொல்லித் தொலைபேசியை என்னிடம் நீட்டிவிடுவார். சில வாரங்களில் அழைப்பு நேராக வந்தது.

ஏப்ரல் 22

ஏப்ரல் 20 அன்று நடந்த பொதுக்கூட்டத்தில் செந்தூல் சகோதரி தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறார். மகளிர் பிரிவைச் சேர்ந்த சிலர் இம்முறை தனி உறுப்பினர்களாக வாக்களித்தார்களாம். மாமனார் கூட்டத்துக்கு வந்தார், எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை. பழைய தலைவர் அலமாரிச் சாவியைக் கொடுத்துவிட்டார், சங்க முத்திரை மட்டும் பொருளாளரின் கடையில் இருக்கிறதாம். அடுத்து என்ன என்று கேட்டிருக்கிறார்.

ஆண்டறிக்கை, கணக்கு, புதிய நிர்வாகிகளின் பட்டியல் ஆகியவற்றைப் பொதுக்கூட்டத்திலிருந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவதிகாரியிடம் சேர்க்க வேண்டும். உங்கள் கணக்கில் ஜூன் 19-க்குள். செயலாளர் செய்துவிடுவார் என்று விட்டுவிடாமல், அனுப்பியதற்கான சான்றைப் பாருங்கள். நிரந்தர வைப்புச் சான்றுகள், ரசீதுப் புத்தகங்களில் பயன்படுத்தியதும் வெறுமையாக இருப்பதும், வாடகை ஒப்பந்தம், உதவி பெறுவோர் பதிவேடு எல்லாவற்றையும் ஒரு பட்டியலாக எழுதி, ஒப்படைத்தவரும் நீங்களும் கையெழுத்திடுங்கள். நேரில் பார்க்காத எதற்கும் கையெழுத்திட வேண்டாம். முத்திரை எவரிடம் இருக்கிறது என்பதையும் அதே பட்டியலில் எழுதுங்கள். அது உங்களிடம்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, எங்கே இருக்கிறது என்பது தாளில் இருக்க வேண்டும்.

முதல் செயற்குழுக் கூட்டத்தின் முதல் பொருள் என்ன என்பது உங்களுக்கே தெரியும். வங்கிக்குப் போகும் நாளில் மாதிரிக் கையொப்பத்தை அவசரமாகப் போட்டுவிடாதீர்கள். இனி வரும் ஒவ்வொரு காசோலையிலும் அதே வடிவம் வர வேண்டும், வேறுபட்டால் வங்கி திருப்பி அனுப்பிவிடும்.